சலூனுக்குள் வந்த ரத்த அழுத்தச் சிகிச்சை: டல்லாஸ் முதல் லாஸ் ஏஞ்சலிஸ் வரை ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் டல்லாஸ் பகுதியில் 2006 முதல் 2008 வரை, கருப்பினத்தவர் நடத்தும் 17 சலூன்களில் ஓர் ஆய்வு நடந்தது. முடி வெட்டுபவரே வாடிக்கையாளரின் ரத்த அழுத்தத்தை அளந்தார், மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார். அழுத்தம் கட்டுக்குள் வந்தவர்களின் விகிதம் ஒப்பீட்டுக் கடைகளைவிட 8.8 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக உயர்ந்தது. ஆனால் ரத்த அழுத்தத்தின் மேல் அளவில் (120/80 என்பதில் 120) கிடைத்த வித்தியாசம் 2.5 மி.மீ. மட்டுமே. புள்ளியியல் கணக்கில் அதுவும் உறுதிப்படவில்லை. சுமார் பத்தாண்டுக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலிஸில் அதே மருத்துவர், அதே வகைக் கடைகளில், அதே வகை வாடிக்கையாளர்களிடம் இன்னொரு ஆய்வு நடத்தினார். இம்முறை வித்தியாசம் 21.6 மி.மீ.

இரண்டு ஆய்வுகளையும் நடத்தியவர் இதயநோய் மருத்துவர் ரொனால்டு விக்டர். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் அவர் எதை மாற்றினார் என்பதுதான் இந்த ஆய்வின் பொருள். மருத்துவ வசதி எட்டாத மக்களிடம் இதயநலத்தைக் கொண்டுசெல்ல நினைக்கும் எவரும் முதலில் படிக்க வேண்டிய மாற்றம் அது.

நரம்பிலிருந்து ஊருக்கு

விக்டரின் ஆரம்பகாலப் பணி ஆய்வுக்கூடத்துக்குள் இருந்தது. முழங்காலுக்கு வெளிப்புறமாக, கெண்டைக்கால் எலும்பின் தலைப்பகுதியை ஒட்டிச் செல்லும் நரம்பில் மெல்லிய டங்ஸ்டன் ஊசியைச் செலுத்தி, ரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்யும் பரிவு நரம்புச் செய்திகளை நேரடியாகப் பதிவு செய்யும் நுட்பத்தில் அவர் தேர்ந்தவர். உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களுக்குத் தரப்படும் சைக்ளோஸ்போரின் மருந்து ஏன் ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது என்பதற்கு 1990-இல் அவருடைய குழு தந்த விடை, அது பரிவு நரம்புகளை முடுக்கிவிடுகிறது என்பது. செயலிழந்த சிறுநீரகங்கள் உடலுக்குள் இருக்கும்வரை டயாலிசிஸ் நோயாளிகளின் நரம்புச் செயல்பாடு அதிகமாகவே இருக்கிறது, இரு சிறுநீரகங்களையும் அகற்றியவர்களிடம் அப்படி இல்லை என்று 1992-இல் அதே குழு காட்டியது.

2000-ஆம் ஆண்டில் தொடங்கிய டல்லாஸ் இதய ஆய்வு அவரை ஊருக்குள் கொண்டுவந்தது. டல்லாஸ் கவுன்ட்டியில் குலுக்கல் முறையில் வீடுகளைத் தேர்ந்தெடுத்து, 18 முதல் 65 வயது வரையிலான 6,101 பேரை வீட்டிலேயே சந்தித்தார்கள். அந்த மாதிரியில் ஏறத்தாழப் பாதிப்பேர் கருப்பினத்தவராக இருக்கும்படி திட்டமிட்டுச் சேர்த்ததுதான் ஆய்வின் உயிர். பெரும்பாலான இதய ஆய்வுகளில் சிறுபான்மையினர் சொற்பமாக இருப்பார்கள். அவர்களைப் பற்றித் தனியாக எதுவும் சொல்ல எண்ணிக்கை போதாது. டல்லாஸில் போதுமான எண்ணிக்கை இருந்ததால்தான், இடது கீழறைத் தசை தடித்துப்போவது வெள்ளையரைவிடக் கருப்பினத்தவரிடம் இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம் என்று தெரியவந்தது. ஆண்டுக்கணக்கில் கட்டுப்படாத ரத்த அழுத்தம் இதயத்தில் விட்டுச் செல்லும் அடையாளம் அது.

இங்கே ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே ஆய்வில் பங்கேற்ற கருப்பினத்தவரில் சுமார் 2 சதவீதம் பேரிடம் பிசிஎஸ்கே9 என்ற மரபணு செயலிழந்திருப்பதும், அவர்களுடைய கெட்ட கொழுப்பு ஏறத்தாழ 40 சதவீதம் குறைவாக இருப்பதும் 2005-இல் ஹெலன் ஹாப்ஸ், ஜொனாதன் கோஹன் குழுவால் கண்டறியப்பட்டது. பத்தாண்டில், அந்த மரபணு உருவாக்கும் புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகள் சந்தைக்கு வந்தன. இன்று எல்லா இனத்தவரும் அவற்றைப் போட்டுக்கொள்கிறார்கள். ஆய்வில் எல்லோருக்கும் இடம் கொடுப்பதை யாரோ சிலருக்குச் செய்யும் சலுகையாகப் பேசுபவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

மருத்துவமனை வேண்டாம், சலூன் ஏன்?

அமெரிக்காவில் உயர் ரத்த அழுத்தத்தால் இறக்கும் கருப்பின ஆண்களின் விகிதம், வெள்ளையின ஆண்களின் விகிதத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. மாத்திரைகள் அரை நூற்றாண்டாக இருக்கின்றன, பெரும்பாலானவை விலை மலிந்தவை. ஆகவே சிக்கல் மருந்தில் இல்லை. காப்பீடு இல்லாமை, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் இல்லாமை, வேலை நேரத்தில் விடுப்பு எடுத்தால் கூலி போவது என்று காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றுக்கு மேல், மருத்துவத்தின் மீதே அவநம்பிக்கை. அதற்கு வலுவான காரணம் உண்டு. அலபாமாவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோய் இருந்த 399 கருப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமல், பென்சிலின் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அதைத் தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசின் பொதுச் சுகாதாரத் துறையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தத் தலைமுறையின் பிள்ளைகளும் பேரன்களும்தான் இன்று 50, 60 வயதில் ரத்த அழுத்தத்தோடு இருக்கிறார்கள்.

சலூன் இதற்கு நேர்மாறான இடம். கடைக்காரர் அதே தெருக்காரர். லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சராசரியாகப் பத்தாண்டுக்கு மேலாக ஒரே கடைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். எந்த மருத்துவரையும் அவர்கள் அவ்வளவு அடிக்கடி, அவ்வளவு காலம் பார்த்ததில்லை.

சலூனில் பி.பி. பார்க்கும் யோசனை விக்டருடையதல்ல. பால்டிமோரில் இதயநோய் மருத்துவர் எலைஜா சாண்டர்ஸ் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தேவாலயங்களிலும் சலூன்களிலும் ரத்த அழுத்தக் கருவியைக் கொண்டுபோய் வைத்தவர். அந்த யோசனையைக் கறாரான மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தி, எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று பிரித்துக் காட்டியதே விக்டரின் பங்களிப்பு.

டல்லாஸ்: பாதி வழி வரை வந்த திட்டம்

முதல் ஆய்வின் வடிவம் இது. ஒரு பகுதிக் கடைகளில் வாடிக்கையாளர்களுக்கு ரத்த அழுத்தம் பற்றிய துண்டறிக்கைகள் மட்டும் தரப்பட்டன. மறுபகுதிக் கடைகளில் முடி வெட்ட வரும் ஒவ்வொருமுறையும் அழுத்தம் அளக்கப்பட்டது. அளவு கூடுதலாக இருந்தால் மருத்துவரிடம் அனுப்பப்பட்டார்கள். மருத்துவரைப் பார்த்துக் கையெழுத்து வாங்கி வந்தால் முடி வெட்டுவது இலவசம். அதே கடைக்கு வரும் ஒருவர் எப்படித் தன் பி.பி.யைக் குறைத்தார் என்ற கதைகள் சுவரொட்டிகளாகக் கடைச் சுவரிலேயே ஒட்டப்பட்டன.

முடி வெட்டுபவர்கள் தங்கள் வேலையைச் செவ்வனே செய்தார்கள். ஆய்வு கற்றுத்தந்த முதல் பாடம் அதுதான்: மருத்துவப் படிப்பு இல்லாத ஒருவர், பயிற்சி கொடுத்தால், கடை நெரிசலுக்கு நடுவிலும் நம்பத்தக்க அளவீடுகளை எடுக்க முடியும்.

சங்கிலி அறுந்தது அடுத்த கண்ணியில். கடையிலிருந்து கிளம்பிய மனிதர் மருத்துவருக்குத் தொலைபேசி செய்ய வேண்டும், நேரம் கிடைக்க வேண்டும், போக வேண்டும். போய்ச் சேர்ந்தாலும் அங்கே ஒருமுறை அளந்து, "கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, உப்பைக் குறையுங்கள், மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்பதோடு முடிந்துவிடும். அளவு இலக்கைத் தாண்டியிருப்பது தெரிந்தும் மருந்தைக் கூட்டாமல் தள்ளிப்போடும் இந்தப் பழக்கம் ரத்த அழுத்தச் சிகிச்சையின் மிகப் பழைய நோய். நோயாளி மாத்திரை சாப்பிடுவதில்லை என்று பழியை அவர் மேல் போடுவது எளிது. எழுதிக்கொடுக்கப்படாத இரண்டாவது மாத்திரையை யாரும் சாப்பிட முடியாது. துண்டறிக்கைக் கடைகளிலும் நிலைமை கொஞ்சம் முன்னேறியதால் இரு பக்கத்துக்கும் இடையிலான வித்தியாசம் மேலும் சுருங்கியது.

லாஸ் ஏஞ்சலிஸ்: மருந்துச் சீட்டு எழுதும் கை கடைக்கே வந்தது

2009-இல் விக்டர் லாஸ் ஏஞ்சலிஸின் சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனைக்கு மாறினார். 2015 பிப்ரவரியில் ஆள் சேர்க்கத் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் அவர் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று, ஆனால் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது அதுதான். வாடிக்கையாளரை மருத்துவரிடம் அனுப்புவதற்குப் பதிலாக, மருந்து எழுதும் அதிகாரம் உள்ள மருந்தாளுநரைச் சலூனுக்கு வரவழைத்தார்.

கலிபோர்னியாவின் சட்டம் இதற்கு இடம் கொடுத்தது. மருத்துவரும் மருந்தாளுநரும் கையெழுத்திடும் கூட்டுச் சிகிச்சை உடன்பாட்டின் கீழ், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட வரைமுறைப்படி மருந்தாளுநர் மருந்து தொடங்கலாம், அளவை மாற்றலாம், ரத்தப் பரிசோதனை கேட்கலாம். ஒவ்வொரு சந்திப்பின் குறிப்பும் பங்கேற்பாளரின் சொந்த மருத்துவருக்கு அனுப்பப்பட்டது. இதைச் செய்தவர்கள் முனைவர் நிலைப் படிப்பு முடித்து, ரத்த அழுத்தச் சிகிச்சையில் தனிச் சான்றும் பெற்ற மருந்தாளுநர்கள். அவர்களில் ஒருவரான சியான்டெல் பிளைலர், விக்டருக்குப் பிறகும் இந்தப் பணியைத் தொடர்ந்தவர். இங்கிள்வுட் நகரில் சலூன் நடத்தும் எரிக் முகம்மது ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். நன்றியுரையில் ஒரு வரியாக வைத்துவிடாமல், உடன் உழைத்தவருக்கு ஆசிரியர் பட்டியலில் இடம் தந்தது சரியான செயல்.

யாரைச் சேர்த்தார்கள் என்பது முக்கியம், ஏனென்றால் முடிவின் பலமும் வரம்பும் அதில்தான் இருக்கின்றன. 35 முதல் 79 வயது வரையிலான கருப்பின ஆண்கள். குறைந்தது 6 மாதமாக, 6 வாரத்துக்கு ஒருமுறையாவது அந்தக் கடையில் முடி வெட்டிக்கொள்பவர்கள். இரு வேறு நாட்களில் அளந்தபோதும் மேல் அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தவர்கள். இரு நாட்கள் என்ற நிபந்தனை இல்லாவிட்டால், அன்றைக்கு மட்டும் பி.பி. ஏறியிருந்தவர்களும் உள்ளே வந்து, பிறகு தானாகவே இறங்கி, கணக்கைக் கெடுத்துவிடுவார்கள். மொத்தம் 52 கடைகள், 319 பேர். குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டவை கடைகள், ஆட்கள் அல்ல. ஒரே கடையில் ஒரு நாற்காலிக்காரருக்குச் சிகிச்சை, பக்கத்து நாற்காலிக்காரருக்கு இல்லை என்று பிரிப்பது நடக்கிற காரியமில்லை, பேச்சு பரவிவிடும். 28 கடைகளில் 139 பேருக்கு மருந்தாளுநர் வந்தார். 24 கடைகளில் 180 பேரை, உணவையும் பழக்கத்தையும் மாற்றவும் மருத்துவரைப் பார்க்கவும் முடி வெட்டுபவர் ஊக்கப்படுத்தினார்.

கடைக்குள் பி.பி. அளப்பது

சலூனில் அளப்பதற்கென்று சில இடர்கள் உண்டு. வந்தவுடன் அளக்கக் கூடாது. ஐந்து நிமிடமாவது முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையிலோ கால்தாங்கியிலோ பதிய, கால்மேல் கால் போடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அரைமணி நேரத்துக்குள் காப்பியோ சிகரெட்டோ எடுத்திருக்கக் கூடாது, சிறுநீர்ப்பை நிறைந்திருக்கக் கூடாது. கருவியின் பட்டையைச் சுற்ற வேண்டியது சட்டையின் மேல் அல்ல, வெறும் கையில். கை இதயத்தின் உயரத்தில் தாங்கப்பட வேண்டும்: கை ஒவ்வொரு சென்டிமீட்டர் கீழே இறங்கும்போதும் அளவு சுமார் 0.8 மி.மீ. கூடும். மடியில் கிடக்கும் கை 10 செ.மீ. தாழ்ந்திருந்தால் 8 மி.மீ. பொய்யாக ஏறிவிட்டது என்று பொருள். மிகக் கடினமானது பேச்சை நிறுத்துவது. சலூனே பேச்சுக்கான இடம். பேசிக்கொண்டிருக்கும்போது அளந்தால் மேல் அளவு 10 வரை கூடும்.

பட்டையின் அளவில்தான் அதிகம் பேர் தவறுவார்கள். மேல்கையின் சுற்றளவு 27 முதல் 34 செ.மீ. என்றால் சாதாரணப் பட்டை, 35 முதல் 44 செ.மீ. என்றால் பெரிய பட்டை, அதற்கும் மேல் என்றால் மிகப் பெரியது. மிகப் பெரிய பட்டை தேவைப்படுபவருக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் மேல் அளவு சராசரியாக 19.5 மி.மீ. கூடுதலாகக் காட்டும் என்று 2023-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். சுற்றளவை அளக்க ஒரு தையல் டேப் போதும். அது பையில் இல்லாமல் கிளம்பும் பி.பி. முகாம் எதையும் நம்பக் கூடாது.

விக்டரின் ஆய்வில் முடிவுக்கான அளவீடுகளைப் பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் எடுத்தார்கள். தானியங்கிக் கருவியால் அடுத்தடுத்து ஐந்துமுறை அளந்து, கடைசி மூன்றின் சராசரியை எடுப்பது முறை. முதல் அளவு எப்போதும் கொஞ்சம் பதற்றத்தோடு வரும்.

மருந்து ஏணி

வரைமுறையின் முதல் படியே இரண்டு மருந்துகள்: ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் அம்லோடிபினும், அதனோடு நீண்ட நேரம் வேலை செய்யும் ஏ.ஆர்.பி. அல்லது ஏ.சி.ஈ. தடுப்பான் வகை மருந்தும் (இரண்டு வகையும் ரத்தக் குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனுக்கு எதிரானவை). மூன்றாவது, சிறுநீர்ப்பெருக்கியான இன்டபமைடு. அதற்கும் அடங்காவிட்டால், உடலில் உப்பைத் தக்கவைக்கும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனின் தடுப்பான். இலக்கு 130/80-க்குக் கீழே.

இந்தத் தேர்வு ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. அம்லோடிபினின் அரை ஆயுட்காலம் 30 முதல் 50 மணி நேரம். ஒருநாள் மாத்திரை விட்டுப்போனாலும் அழுத்தம் உடனே எகிறாது. வேலை, பயணம் என்று அலைபவர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. அதைத் தனியாகக் கூட்டிக்கொண்டே போனால் கணுக்கால் வீங்கும். ஏ.ஆர்.பி. சேர்ந்தால் அந்த வீக்கம் குறையும். ஏ.சி.ஈ. தடுப்பான் மட்டும் தனியாகக் கொடுப்பது கருப்பின நோயாளிகளிடம் போதிய பலன் தருவதில்லை: 33,357 பேரை வைத்து நடந்து 2002-இல் முடிவு வெளியான ஆல்ஹாட் ஆய்வில், ஏ.சி.ஈ. தடுப்பானான லிசினோபிரில் பெற்ற கருப்பினத்தவருக்குப் பக்கவாதம், சிறுநீர்ப்பெருக்கியான குளோர்தாலிடோன் பெற்றவர்களைவிட 40 சதவீதம் அதிகமாக வந்தது. உதடும் நாக்கும் திடீரென வீங்கும் ஆபத்தும் ஏ.சி.ஈ. வகையில் அவர்களுக்குக் கூடுதல். இன்டபமைடு பரவலாக எழுதப்படும் ஹைட்ரோகுளோரோதயசைடைவிட நீண்ட நேரம் நின்று வேலை செய்வது. நான்காவது மருந்தாக, ஆல்டோஸ்டிரோன் தடுப்பானான ஸ்பைரோனோலாக்டோன்தான் மற்றவற்றைவிட நன்றாக வேலை செய்கிறது என்று 2015-இல் பாத்வே-2 ஆய்வு காட்டியது.

வழக்கமான மருத்துவ நடைமுறையில் இவற்றின் அளவுகள்: அம்லோடிபின் 5 மி.கி.யில் தொடங்கி 10 வரை, ஏ.ஆர்.பி. வகையைச் சேர்ந்த டெல்மிசார்டன் 40-இலிருந்து 80, இன்டபமைடு 1.25-இலிருந்து 2.5, ஸ்பைரோனோலாக்டோன் 25. நாளுக்கு ஒருவேளை என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இரண்டு வேளை மாத்திரையில் மாலை வேளைதான் முதலில் மறந்துபோகும்.

மருந்தைக் கூட்டும் கை, ரத்தத்தையும் பார்க்க வேண்டும். ஏ.ஆர்.பி. தொடங்கியோ கூட்டியோ இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்ப்பது விதி. கிரியாட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் பொறுத்துப் பார்க்கலாம், அதைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினால் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். இன்டபமைடு இதற்கு எதிர்த்திசையில் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் இறக்கும். வெயில் காலத்தில், வயிற்றுப்போக்கு வரும்போது, உடலில் நீர் வற்றிச் சிறுநீரகம் திடீரெனத் திணறலாம். லாஸ் ஏஞ்சலிஸிலும் மருந்துக் குழுவில் மூன்று பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு திடீரெனக் குறைந்தது, இன்டபமைடை நிறுத்தியதும் சீரானது. உப்புகளையும் கிரியாட்டினினையும் தொடர்ந்து கண்காணித்ததால்தான் அது தெரிந்தது. பரிசோதனை வசதி இல்லாமல் மருந்து ஏணியை மட்டும் எடுத்துக்கொண்டு போய் இந்தத் திட்டத்தை நகலெடுப்பவர்கள் ஆபத்தை விலைகொடுத்து வாங்குகிறார்கள்.

மருந்தாளுநரைச் சந்திக்கும் ஒவ்வொரு முறையும் பங்கேற்பாளருக்கு 25 டாலர் தரப்பட்டது, மாத்திரைச் செலவுக்கும் மருந்துக்கடைக்குப் போய்வரும் செலவுக்கும் ஈடாக. இது சிறு தொகையாகத் தெரியலாம். ஆனால் பொதுப்பெயர் (ஜெனரிக்) மாத்திரைக்குக் காப்பீடு போக நோயாளி கட்ட வேண்டிய சில டாலரே மாத்திரையை நிறுத்தப் போதும் என்ற நிலையில் இருப்பவருக்கு அது அப்படியல்ல.

ஆறாவது மாதத்தில்

மருந்தாளுநர் வந்த கடைகளில் மேல் அளவின் சராசரி 152.8-இலிருந்து 125.8-ஆக இறங்கியது. மற்றக் கடைகளில் 154.6-இலிருந்து 145.4. முதல் குழுவில் 63.6 சதவீதம் பேர் 130/80-க்குக் கீழே வந்தார்கள், இரண்டாவதில் 11.7 சதவீதம். 95 சதவீதம் பேர் கடைசி அளவீடு வரை ஆய்வில் இருந்தார்கள். நகரத்தின் ஏழ்மையான பகுதிகளில் நடக்கும் மருத்துவ ஆய்வுகள் இப்படி ஆட்களைத் தக்கவைத்துக்கொள்வது அரிது. அந்தப் பெருமை முழுக்க முடி வெட்டுபவர்களுடையது.

ரத்த அழுத்த ஆய்வுகளில் 5 மி.மீ. இறங்கினாலே நல்ல முடிவு என்பார்கள். மேல் அளவு 10 மி.மீ. குறைந்தால் பெரிய இதய நிகழ்வுகள் சுமார் 20 சதவீதமும் பக்கவாதம் 27 சதவீதமும் குறையும் என்பது 2016-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்த கணக்கு. அந்த அளவுகோலில் 21.6 என்பதன் கனத்தைப் புரிந்துகொள்ளலாம்.

எண்களுக்குள் இன்னும் உற்றுப் பார்க்க வேண்டியது மருந்துகளின் எண்ணிக்கை. தொடக்கத்தில் இரு குழுவிலும் பாதிக்குச் சற்று மேல்தான் ஏதோ ஒரு பி.பி. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறு மாதத்தில் மருந்தாளுநர் குழுவில் அது 100 சதவீதம், ஆளுக்குச் சராசரி 2.6 மருந்து. மற்றக் குழுவில் 63 சதவீதம், சராசரி 1.4. இரண்டாவது குழுவில் இருந்தவர்களும் தாங்கள் நம்பும் மனிதரிடமிருந்து அதே அறிவுரையைக் கேட்டவர்கள்தான். தங்களுக்கு ரத்த அழுத்தம் இருப்பது அவர்களுக்கும் தெரியும். 11.7 சதவீதத்துக்கு மேல் போக அந்த அறிவு மட்டும் போதவில்லை. விழிப்புணர்வு முகாம்களுக்கும் பேரணிகளுக்கும் சுவரொட்டிகளுக்கும் பணம் ஒதுக்கும் எந்தச் சுகாதாரத் துறையும் இந்த ஒப்பீட்டுக் குழுவின் முன் சற்று நேரம் நின்று யோசிக்க வேண்டும். நம்பிக்கை கதவைத் திறந்தது. அழுத்தத்தை இறக்கியது, அந்தக் கதவு வழியாக உள்ளே வந்த இரண்டாவது, மூன்றாவது மாத்திரை.

எங்கே எச்சரிக்கை தேவை

ஒப்பீட்டுக் குழுவிலும் 9 மி.மீ. இறங்கியதற்கு அறிவுரையை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. உயர்ந்த அளவை வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுத்தால் மறுமுறை அளக்கும்போது இயல்பாகவே கொஞ்சம் இறங்கும். ஒப்பீட்டுக் குழு இல்லாமல் நடக்கும் முகாம்கள், "முன்பு இவ்வளவு, பின்பு இவ்வளவு" என்று காட்டும் வரைபடங்களில் இந்தத் தானாக இறங்கும் பகுதியும் சேர்ந்தே இருக்கும்.

பெண்கள் இந்த ஆய்வில் இல்லை. வீடில்லாதவர்கள், எந்தக் கடைக்கும் வழக்கமாகப் போகாதவர்கள், வேலை இழந்து முடி வெட்டுவதைத் தள்ளிப்போடுபவர்கள் இல்லை. ஆக, சமூகத்தில் ஓரளவு வேரூன்றியவர்களிடம் கிடைத்த முடிவு இது. மாரடைப்போ பக்கவாதமோ குறைந்ததா என்பதை அளக்கும் அளவுக்கு ஆட்களும் இல்லை, காலமும் இல்லை.

நடைமுறையில் பெரிய தடை போக்குவரத்து. லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற பரந்த நகரத்தில் சிதறிக் கிடக்கும் கடைகளுக்கு மருந்தாளுநர் காரில் போய் வரும் நேரம், சிகிச்சை தரும் நேரத்தைத் தின்றுவிடும். முதல் சந்திப்பு நேரில், பிறகு காணொளியில் என்ற வழி இதனால்தான் பேசப்படுகிறது. ஆனால் கடையில் தனிமை கிடைக்க வேண்டும், கருவியை வாடிக்கையாளரே சரியாகக் கட்டிக்கொள்ளவும் வேண்டும். 2020-இல் கொரோனாவால் சலூன்களே மூடப்பட்டபோது, ஒரே இடத்தை நம்பி நிற்கும் திட்டத்தின் பலவீனமும் தெரிந்தது.

பன்னிரண்டாம் மாதமும் அதற்குப் பிறகும்

ஆறு மாத முடிவுகள் 2018 மார்ச்சில் வெளியாயின. அதே ஆண்டு செப்டம்பரில், 66-ஆவது வயதில், விக்டர் காலமானார். அடுத்த ஆறு மாதத்தில் மருந்தாளுநர் சந்திப்புகளை வேண்டுமென்றே குறைத்து, பலன் நிலைக்கிறதா என்று பார்த்த தொடர் ஆய்வின் முடிவுகள் அவர் மறைவுக்குப் பின் வந்தன. மேல் அளவு 28.6 மி.மீ. இறங்கிய நிலையில் நின்றது, ஒப்பீட்டுக் குழுவில் 7.2. இலக்கைத் தொட்டவர்கள் 68 சதவீதம், மற்றக் குழுவில் 11. அளவை அமைத்து முடித்த பிறகு அடிக்கடி பார்க்க வேண்டியதில்லை என்பது இதனால் தெரிந்தது. ஒரே மருந்தாளுநர் கூடுதல் கடைகளை ஏற்கலாம் என்ற நம்பிக்கைக்கு அடிப்படையும் இதுவே.

இனி நிற்பது பணம். கலிபோர்னியாவில் 2014-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் உயர்நிலைப் பயிற்சி பெற்ற மருந்தாளுநர்களுக்கென்று தனி உரிமத்துக்கு வழி செய்தது. ஆனால் முதியோருக்கான நடுவண் காப்பீடான மெடிகேரின் பி பிரிவில் மருந்தாளுநர் சேவை வழங்குநராகவே சேர்க்கப்படவில்லை. அவர் சலூனில் செலவழிக்கும் அரைமணி நேரத்துக்குத் தன் பெயரில் அங்கே ரசீது போட முடியாது. ஆய்வு நடந்தபோது அரசு நிதி அந்தச் சம்பளத்தைத் தந்தது. நிதி முடிந்தால் நாற்காலி காலியாகிவிடும். 2021-இல் வெளியான செலவுக் கணக்கின்படி, பத்தாண்டில் ஒருவருக்குக் கூடுதலாகும் செலவு 2,356 டாலர். நலத்தோடு வாழும் ஓர் ஆண்டைக் கூட்டித் தர ஆகும் செலவு 42,717 டாலர். அமெரிக்காவில் ஒரு சிகிச்சை அதன் விலைக்குத் தகும் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் 50,000 டாலர் வரம்புக்குள் அது அடங்குகிறது. பொதுப்பெயர் மாத்திரைகளை மட்டுமே எழுதினால் அதே கணக்கில் 17,162 டாலராக இறங்குகிறது. அம்லோடிபின், ஏ.ஆர்.பி. வகையின் இர்பிசார்டன், டெல்மிசார்டன், இன்டபமைடு நான்குக்கும் பொதுப்பெயர் மாத்திரைகள் உண்டு.